கடைசி மாத்திரை வரை காத்திருக்காதீர்கள்!

வீட்டில் புது கேஸ் சிலிண்டர் மாட்டியதும் என்ன செய்கிறோம்? காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறோம். எத்தனை நாள் வரும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, தீர்வதற்கு முன்பே அடுத்ததைப் பதிவு செய்துவிடுகிறோம். பால் பாக்கி, சீட்டுப் பணம், கரண்ட் பில்... எல்லாவற்றுக்கும் நம் வீடுகளில் ஒரு தேதி உண்டு. ஆனால், தினமும் சாப்பிடுகிற மாத்திரைக்கு மட்டும் தேதி கிடையாது! டப்பாவைத் திறந்து, அட்டை காலியாக இருப்பதைப் பார்த்த பிறகுதான், "அடடே, தீர்ந்து போச்சா?" என்போம்.

ஊருக்கு உபதேசமாக இதைச் சொல்லவில்லை. என் வீட்டிலேயே நடந்தது.

என் அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு. பல வருஷமாக 'அட்டெனலால்' என்ற மாத்திரை சாப்பிட்டு வந்தார். ஒரு பொங்கல் சமயம். நானோ வீடு நிறைய விருந்தாளிகளோடு, கிளினிக்கையும் மூடிவிட்டு சந்தோஷமாக இருக்கிறேன். காணும் பொங்கலன்று ராத்திரி அம்மாவுக்குப் படபடப்பு. நெஞ்சை யாரோ அழுத்துவதுபோல இருக்கிறது என்றார். நாடி பிடித்துப் பார்த்தால் குதிரை ஓடுகிற மாதிரி ஓடுகிறது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தஅழுத்தம் 200-ஐத் தொட்டிருந்தது. டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "மாத்திரையை எப்ப நிறுத்துனீங்க?"

எனக்குத் தெரியவில்லை. அம்மாதான் மெதுவாகச் சொன்னார். "பத்து நாளைக்கு முன்னாலயே தீரப் போற மாதிரி இருந்துச்சுய்யா. நீ பண்டிகை வேலையா அலைஞ்சுக்கிட்டு இருந்தே. ஒனக்கு எதுக்குச் சிரமம்னு பாதி பாதியா ஒடச்சுப் போட்டேன். அதுவும் மூணு நாளைக்கு முன்னால தீந்துபோச்சு."

நல்லவேளை, அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ராத்திரி எனக்கு மறக்கவில்லை. அடுத்தவர் நாடியைப் பிடித்தே சம்பாதிக்கிற நான், என் வீட்டு மாத்திரை டப்பாவைத் திறந்து பார்க்கவில்லை. அதிலிருந்துதான் இந்தக் கணக்கு எழுதும் பழக்கம் எனக்கு வந்தது. அதைத்தான் இப்போது உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

திடீரென்று நின்றால் என்ன ஆகும்?

"நாலு நாள் மாத்திரை இல்லைன்னா என்ன சார் ஆயிடப் போகுது?" என்று கேட்கிறவர்கள் நிறைய. சில மாத்திரைக்கு ஒன்றும் ஆகாது. சில மாத்திரைக்கு உயிரே போய்விடலாம். எது எந்த ரகம் என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அம்மா சாப்பிட்ட அட்டெனலால், மெட்டோப்ரலால் போன்ற மாத்திரைகள் இதயத்தின் வேகத்தைக் கட்டுக்குள் வைப்பவை. ஒரு கதவை வெளியே இருந்து ஒருவர் தள்ளுகிறார், உள்ளே இருந்து ஒருவர் அழுத்திப் பிடித்திருக்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் திடீரென்று விலகினால்? வெளியே இருப்பவர் தடாலென்று உள்ளே வந்து விழுவார். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தும்போது இதயத்துக்கும் இதே கதிதான். முன்பிருந்ததைவிட அதிகமாகத் துடிப்பு ஏறும், அழுத்தம் ஏறும். ஏற்கெனவே இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பவர்களுக்கு மாரடைப்புகூட வரலாம். 'குளோனிடின்' என்ற ரத்தக்கொதிப்பு மாத்திரையும் இப்படித்தான்.

வலிப்பு மாத்திரை இன்னும் மோசம். நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து விடாமல் வரும் அபாயம் உண்டு. ரோட்டிலோ, கிணற்றடியிலோ, அடுப்பு முன்னாலோ வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஸ்டீராய்டு மாத்திரையைப் பல வாரம் சாப்பிட்டவர்களுக்கு, உடம்பு தானாகச் சுரக்கிற ஸ்டீராய்டு குறைந்து போயிருக்கும். மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினால் மயக்கம், வாந்தி, ரத்தஅழுத்தம் கீழே இறங்குவது என்று ஆபத்தில் முடியும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அதுவும் டாக்டர் சொல்லி.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கொடுக்கிற 'குளோபிடோக்ரல்', செயற்கை வால்வு வைத்தவர்கள் சாப்பிடுகிற ரத்தம் உறையாத மாத்திரை, இன்சுலின் ஊசி, காசநோய் மாத்திரை, மனநல மருந்துகள்... இவற்றில் எதற்கும் 'தீர்ந்து போச்சு' என்ற பேச்சே வரக்கூடாது.

தைராய்டு மாத்திரை வேறு மாதிரி. அது ரத்தத்தில் பல நாள் தங்கும். பாதி அளவு குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் நாலு நாள் விட்டாலும் ஒன்றும் தெரியாது. அதுதான் ஏமாற்று வேலை! 'சாப்பிடாட்டியும் நல்லாத்தானே இருக்கேன்' என்று விட்டுவிடுவார்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து உடம்பு வீங்கி, சோர்ந்து வந்து நிற்பார்கள்.

முப்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் உள்ள இடைவெளி

"ஒரு மாசத்துக்கு மாத்திரை கொடுங்க" என்று கடையில் கேட்கிறோம். கடைக்காரர் முப்பது கொடுக்கிறார். ஆனால் வருஷத்தில் ஏழு மாதங்களுக்கு 31 நாள்! மாதம் முப்பது என்றால் 12 மாதத்துக்கு 360 மாத்திரை; வருஷத்துக்கோ 365 நாள். சம்பளம் வந்ததும் ஒன்றாம் தேதி வாங்குகிறவர்களுக்கு 31-ஆம் தேதியன்று டப்பா காலி. ஒரு நாள்தானே என்று விடுவோம். ஒன்றாம் தேதி கடை லீவு என்றால் இரண்டு நாள். இப்படித்தான் ஓட்டை விழுகிறது.

அட்டையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சில மாத்திரை பத்து உள்ள அட்டை, சில பதினைந்து, சில பதினான்கு. மூன்று மருந்து சாப்பிடுகிறவருக்கு ஒன்று புதன்கிழமை தீரும், ஒன்று சனிக்கிழமை தீரும், இன்னொன்று அடுத்த வாரம் தீரும். எத்தனை தடவைதான் கடைக்கு ஓடுவது? எல்லாவற்றையும் ஒரே நாளில் தீருகிற மாதிரி வாங்கிவிட்டால் பாதித் தலைவலி போய்விடும்.

உதாரணம் பாருங்கள். பி.பி. மாத்திரை தினம் ஒன்று, 15 உள்ள அட்டை: இரண்டு அட்டை. சர்க்கரை மாத்திரை காலை, இரவு இரண்டு வேளை, 10 உள்ள அட்டை: ஆறு அட்டை. கொழுப்பு மாத்திரை ராத்திரி ஒன்று, 10 உள்ள அட்டை: மூன்று அட்டை. மூன்றுமே சரியாக 30 நாள் வரும். முதல் தடவை மட்டும் வீட்டில் மிச்சம் இருப்பதை எண்ணிக் கழித்துக் கொண்டு வாங்குங்கள். பிறகு எல்லாம் ஒரே தேதியில் வந்து நிற்கும்.

ஏழு இருக்கும்போதே வாங்குங்கள்

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்கிற விதி ஒன்றே ஒன்றுதான். மாத்திரை தீருகிற நாள் வேறு, வாங்குகிற நாள் வேறு. இரண்டுக்கும் நடுவே ஏழு நாள் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 1-ஆம் தேதி காலையில் முப்பது மாத்திரையோடு ஆரம்பிக்கிறீர்கள். 30-ஆம் தேதி கடைசி மாத்திரை. நீங்கள் கடைக்குப் போக வேண்டிய நாள் 23. அன்றைக்குச் சாப்பிட்டது போக கையில் ஏழு இருக்கும். அடுத்த தடவை மே 23, அதற்கடுத்து ஜூன் 22. முப்பது நாளுக்கு ஒரு தடவை என்று எண்ணுங்கள். மாதத் தேதியை நம்பாதீர்கள்.

எதற்கு ஏழு நாள்? கடையில் ஸ்டாக் இல்லாமல் போகலாம். டாக்டர் வெளியூர் போயிருக்கலாம். தீபாவளி, பொங்கல் என்று கடை சாத்தியிருக்கலாம். மழை, வெள்ளம், சாவு, கல்யாணம்... ஒரு வாரம் கையில் இருந்தால் எதையும் சமாளிக்கலாம்.

சரி, இந்தத் தேதியை எங்கே எழுதுவது? நம் வீட்டுச் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டர் இருக்கிறதே, அதைவிட நல்ல இடம் இல்லை. இன்றைக்கே அதன் தாள்களைப் புரட்டி, 23-ஆம் தேதித் தாளில் பெரிதாக 'அம்மா மாத்திரை' என்று எழுதிவிடுங்கள். அன்று காலையில் முந்தின நாள் தாளைக் கிழிக்கும்போது அதுவே உங்களைக் கூப்பிடும்! செல்போனில் நினைவூட்டல் வைக்கத் தெரிந்தவர்கள் அதையும் வையுங்கள். ஆனால் போன் ஒருவர் கையில்தான் இருக்கும். காலண்டரை வீட்டில் எல்லோரும் பார்ப்பார்கள்.

ஒரு பக்க நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஆளுக்கு ஒரு பக்கம். அதில் இவற்றை எழுதுங்கள்.

1. மருந்தின் பெயர். கம்பெனிப் பெயரோடு, அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கிற மூல மருந்தின் பெயரையும் எழுதுங்கள்.

2. அளவு. 25 மி.கி.யா, 50 மி.கி.யா என்று தெளிவாக.

3. எந்த வேளை, சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா.

4. எப்போது, எத்தனை வாங்கினீர்கள்.

5. அடுத்து வாங்க வேண்டிய தேதி.

6. டாக்டரிடம் அடுத்துக் காட்ட வேண்டிய தேதி.

மூல மருந்தின் பெயர் எதற்கு என்றால், கடையில் பழைய கம்பெனி மாத்திரை இல்லாமல் வேறு கம்பெனி மாத்திரை கொடுப்பார்கள். நிறம் வேறு, பெயர் வேறு. வீட்டுக்கு வந்து, 'இது புதுசு, அது பழசு' என்று இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரே மருந்து இரண்டு மடங்கு உள்ளே போய்விடும்! சர்க்கரை மாத்திரை என்றால் தாழ்நிலைச் சர்க்கரையில் மயங்கி விழுவார்கள்.

ஐந்தாவதும் ஆறாவதும் ஒன்றல்ல. வாங்குகிற தேதி வேறு, காட்டுகிற தேதி வேறு. ரெண்டு வருஷத்துக்கு முந்தைய சீட்டை வைத்துக்கொண்டு அதே மாத்திரையை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்! 1945-ஆம் வருஷ மருந்து விதிகள், சீட்டின் பேரில் மட்டுமே தர வேண்டிய மருந்துகளை, டாக்டர் 'மறுபடியும் தரலாம்' என்று எழுதியிருந்தால் தவிர, ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் தரவேண்டும் என்கின்றன. இது கடைக்காரருக்குப் போட்ட கட்டுப்பாடு என்று நினைக்காதீர்கள். உங்கள் உடம்பு மாறுகிறது, மருந்தின் அளவும் மாற வேண்டும் என்பதற்காகத்தான். ஆகவே டாக்டரிடம் போகும்போதே, "இத்தனை மாசத்துக்கு வாங்கிக்கலாம்னு சீட்டுல எழுதிக் கொடுங்க" என்று கேட்டு வாங்குங்கள்.

எண்ணினால் உண்மை தெரியும்

ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்ததும் ஐந்து நிமிஷம். நோட்டை எடுங்கள், மாத்திரையை எண்ணுங்கள். இருக்க வேண்டியது 14, இருப்பது 18 என்றால் நான்கு வேளை விட்டுப் போயிருக்கிறது. 10-தான் இருக்கிறது என்றால் யாரோ மறந்துபோய் இரண்டு தடவை சாப்பிட்டிருக்கிறார்கள். 'தவறாமல் சாப்பிடுறேன்' என்று வாய் சொல்லும். எண்ணிக்கை பொய் சொல்லாது.

மிச்சம் இருக்கிறது என்று திட்டாதீர்கள். ஏன் விட்டுப் போனது என்று கேளுங்கள். சாப்பிட்டால் தலை சுற்றுகிறதா? வயிறு எரிகிறதா? காசு மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்களா? அதை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். அவர் மருந்தை மாற்றுவார். டாக்டருக்குத் தெரியாவிட்டால் 'இந்த அளவு போதவில்லை போலிருக்கிறது' என்று நினைத்து இன்னும் கூட்டி எழுதிவிடக்கூடும். விட்டுப் போனதை ஈடுகட்ட அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடுவதும் கூடாது.

ஏழு அறை உள்ள மாத்திரை டப்பா மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிறது. வாரம் ஒரு தடவை அதை நிரப்பும்போது எண்ணிக்கை தானாகவே நடந்துவிடும்.

அட்டையை வெட்டுகிறீர்களா?

மாத்திரையை அட்டையோடு கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பது நம் ஊர் வழக்கம். முதலில் வெட்டுவது பெரும்பாலும் தேதி அச்சடித்த ஓரத்தைத்தான்! பிறகு அது என்ன மருந்து, எப்போது காலாவதி என்று யாருக்கும் தெரியாது. பெயரும் தேதியும் இருக்கிற முனையைக் கடைசி வரை விட்டு வையுங்கள். கடையில் நாலு மாத்திரை வெட்டி வாங்கினாலும் தேதியைப் பார்த்து நோட்டில் எழுதிக் கொள்ளுங்கள். புது அட்டையை அடியிலும் பழையதை மேலேயும் வையுங்கள்.

சொட்டு மருந்து, இன்சுலின் இவற்றில் இரண்டு தேதி உண்டு. பாட்டிலில் அச்சடித்த தேதி ஒன்று, திறந்த தேதி ஒன்று. கண் சொட்டு மருந்தைத் திறந்தால் பொதுவாக நான்கு வாரம்தான். இன்சுலினும் பெரும்பாலும் திறந்து 28 நாள். சில வகைக்கு மாறும், உள்ளே இருக்கிற தாளைப் பாருங்கள். திறந்த அன்றே பாட்டிலில் பேனாவால் தேதி எழுதுங்கள். திறக்காத இன்சுலினை ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃபிரீசரில் வைக்கக் கூடாது.

ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் உறிஞ்சுகிறவர்கள் கவனிக்க. மருந்து தீர்ந்த பிறகும் அழுத்தினால் 'புஸ்' என்று காற்று வரும்! மருந்து வருகிறது என்று நினைத்துக் கொண்டிருப்பார்கள். 120 தடவை வருகிற இன்ஹேலரைக் காலை இரண்டு, இரவு இரண்டு என்று எடுத்தால் சரியாக முப்பது நாள். எண்ணிக்கை காட்டும் இன்ஹேலராக இருந்தால் அதைப் பாருங்கள். இல்லாவிட்டால் ஆரம்பித்த தேதியை எழுதிக் கணக்குப் போடுங்கள்.

நம் சித்த மருந்துக்கும் கணக்கு உண்டு

"நாட்டு மருந்து எத்தனை வருஷம் ஆனாலும் கெடாது" என்பது தவறான எண்ணம். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் முதலில் படித்த பாடங்களில் ஒன்று, எந்த மருந்துக்கு எவ்வளவு ஆயுள் என்பது. குடிநீர் என்கிற கஷாயத்துக்கு ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். சூரணம் மூன்று மாதம். லேகியம், நெய் ஆறு மாதம். மாத்திரை ஒரு வருஷம். செந்தூரம் 75 வருஷம், பற்பம் 100 வருஷம். இது பழைய நூல் கணக்கு. கம்பெனி மருந்தாக வாங்கினால் லேபிளில் உள்ள காலாவதி தேதியைத்தான் பார்க்க வேண்டும். 2020-இல் கொரோனாவுக்காக வாங்கிய கபசுரக் குடிநீர்ப் பொடி இன்னும் உங்கள் சமையலறை அலமாரியில் இருக்கிறதா? தயவுசெய்து தூக்கிப் போடுங்கள்!

ஒரு மண்டலம், அதாவது 48 நாள் சாப்பிடச் சொன்னால் பாக்கெட் தீர்ந்ததும் முப்பதாம் நாளே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நேர்மாறாக, பற்பம், செந்தூரத்தை வைத்தியரைப் பார்க்காமலே மாதக் கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. இரண்டுமே தப்பு. உலோகம், பாஷாணம் சேர்ந்த மருந்துக்கு அளவும் நாளும் மிக முக்கியம்.

இன்னொன்றை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். "சார், இங்கிலீஷ் மாத்திரை போன வாரமே தீந்துருச்சு. அப்படியே சித்தாவுக்கு மாறிடலாம்னு வந்தேன்" என்று வருகிறவர்களை முதலில் மெடிக்கல் ஷாப்புக்குத்தான் அனுப்புகிறேன். மாத்திரை தீர்ந்தது வைத்தியம் மாறுவதற்குக் காரணம் ஆகாது. குறைப்பதோ நிறுத்துவதோ, அதை எழுதிக் கொடுத்த டாக்டருக்குத் தெரிந்துதான் நடக்க வேண்டும்.

ஊருக்குப் போகும்போது

எத்தனை நாள் பயணமோ அதோடு ஐந்து நாள் கூடுதலாக எடுத்துக் கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே பையில் வைக்காதீர்கள். பை தொலைந்தால் மாத்திரையும் போச்சு. விமானத்தில் போனால் மருந்து கைப்பையில் இருக்கட்டும். மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து உங்கள் போனிலும் பிள்ளைகள் போனிலும் வைத்துக் கொள்ளுங்கள்.

அதற்காக ஆறு மாத மாத்திரையை மொத்தமாக வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். நடுவில் டாக்டர் அளவை மாற்றினால் அத்தனையும் வீண். ஒரு மாதமும் ஏழு நாளும் போதும். டி.வி. மேலும், அடுப்புக்குப் பக்கத்திலும், குளியலறையிலும் வைக்காதீர்கள். சூடும் ஈரமும் மாத்திரைக்கு எதிரி.

காசுதான் பிரச்னை என்றால் மறைக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரை இலவசம். 2021-இல் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் கொடுத்தார்கள். மக்கள் மருந்தகம் போன்ற கடைகளில் அதே மூல மருந்து குறைந்த விலைக்குக் கிடைக்கும். பாதியாக உடைத்துச் சாப்பிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கடைசியாக ஒன்று. வயசானவர்கள் கேட்க மாட்டார்கள். பேரனுக்கு ஃபீஸ் கட்ட வேண்டிய மாசத்தில், மகன் வேலைக்கு அலைகிற நேரத்தில், 'எனக்கு மாத்திரை வேணும்' என்று வாய் திறந்து சொல்ல அவர்களுக்குக் கூச்சம். அவர்கள் சொல்லட்டும் என்று நாம் காத்திருக்கக் கூடாது. என் அம்மா இப்போதும் "எல்லாம் இருக்குய்யா, நீ போய் வேலையைப் பாரு" என்றுதான் சொல்வார். நான் சிரித்துக்கொண்டே டப்பாவைத் திறந்து எண்ணிவிட்டுத்தான் கிளினிக் கிளம்புவேன்.

இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்ததும் நீங்களும் எழுந்துபோய் உங்கள் வீட்டு டப்பாவைத் திறந்து பாருங்கள். எத்தனை இருக்கிறது?